நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை அடைப்பைக் கரைக்குமா?

மருந்துக் கடையில் கவுன்டருக்கு இந்தப் பக்கம் நின்று 12 வருஷம் ஆகிறது. "நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரை ஒரு அட்டை குடுங்க தம்பி" என்று கேட்டு வாரத்துக்கு நாலைந்து பேராவது வருவார்கள். பெயர் பலருக்கும் தெரியாது, பழைய அட்டையைக் கையோடு கொண்டுவந்து காட்டுவார்கள், அதில் ஒன்றிரண்டு மாத்திரை மிச்சம் இருக்கும். கடைப் பேச்சில் அதற்கு சார்பிட்ரேட் என்று பெயர், உள்ளே இருக்கும் மருந்து ஐசோசார்பைடு டைநைட்ரேட், பெரும்பாலும் 5 மில்லிகிராம். வாங்கிக்கொண்டு போகும்போது சிலர் திரும்பி நின்று ஒரு கேள்வி கேட்பார்கள். "இதைப் போட்டா அடைப்பு கரைஞ்சிடும்ல?"

கரையாது. இதயத்தின் ரத்தக்குழாயில் இருக்கும் அடைப்பு ஒரு துளிகூடக் கரையாது. ஆனால் அதே மாத்திரை நெஞ்சுவலியைச் சில நிமிடத்தில் இறக்கிவிடுகிறது. அடைப்பு அப்படியே இருக்க, வலி எப்படிப் போகிறது? இது புரிந்தால்தான் அந்த மாத்திரையை எப்போது போடலாம், எப்படிப் போட வேண்டும், எப்போது தொடவே கூடாது என்பதெல்லாம் தானாகப் புரியும். அதனால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

எனக்கு இது உறைத்தது என் பெரியப்பாவால். அவருக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டில் மாத்திரை பெயருக்குப் பக்கத்தில் எஸ்ஓஎஸ் என்று இருந்தது. தேவைப்படும்போது மட்டும் போடவும் என்று அர்த்தம். நான்தான் எடுத்துக் கொடுத்தேன், வேறு எதுவும் சொல்லவில்லை. ஒரு நாள் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கப் படியேறியவருக்கு நெஞ்சை அழுத்தியிருக்கிறது. அங்கேயே நின்றபடி இரண்டு மாத்திரையைச் சேர்த்து வாயில் போட்டுக்கொண்டார், வலி போனது, கூடவே கண்ணும் இருட்டி, கைப்பிடிச் சுவரில் நெற்றி இடித்து விழுந்துவிட்டார். மூன்று தையல். "என்னடா மாத்திரை குடுத்த, தலை கிர்ருன்னு சுத்திடுச்சு" என்று அவர் கேட்டபோது, உட்கார்ந்து போடுங்கள் என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாமே என்றுதான் தோன்றியது. மாத்திரை அதன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. அந்த வேலை என்ன என்பதைத்தான் நாங்கள் இரண்டு பேரும் யோசிக்கவில்லை.

சரி, முதலில் இதயத்தைப் பார்ப்போம். சுமார் 300 கிராம் எடை, மூடிய கை அளவு, ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 லட்சம் தடவை துடிக்கிறது. உடம்பு முழுவதற்கும் ரத்தம் அனுப்பும் அந்தத் தசைக்கும் ரத்தம் வேண்டும் இல்லையா? உள்ளே நிறைந்திருக்கும் ரத்தத்திலிருந்து அது எடுத்துக்கொள்வதில்லை. அதற்கென்று தனிக் குழாய்கள், இதயத்திலிருந்து ரத்தம் வெளியே போகும் பெரிய குழாயான பெருந்தமனி புறப்படும் இடத்திலேயே கிளை பிரிந்து இதயத்தின் மேற்புறத்தில் படர்ந்து தசைக்குள் இறங்குகின்றன. அவைதான் கொரோனரி தமனிகள். ஆஞ்சியோ எடுத்து "ரெண்டு பிளாக் இருக்கு" என்று சொல்வது இந்தக் குழாய்களில்தான்.

மற்ற தசைகளுக்கும் இதயத் தசைக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. சும்மா இருக்கும்போது கை கால் தசைகள் ரத்தத்தில் வரும் ஆக்சிஜனில் கொஞ்சத்தைத்தான் எடுக்கும், ஓடினால் கூடுதலாக உறிஞ்சிக்கொள்ளும். இதயமோ நாம் தூங்கும்போதுகூட வருகிற ஆக்சிஜனில் 70 சதவீதத்துக்கு மேல் எடுத்துவிடுகிறது. அப்படியானால் மாடிப்படி ஏறும்போது அதற்குக் கூடுதல் ஆக்சிஜன் எங்கிருந்து வரும்? கூடுதல் ரத்தம் வந்தால்தான் வரும். கூடுதல் ரத்தம் வர கொரோனரிக் குழாய்கள் விரிய வேண்டும். ஆரோக்கியமான குழாய் விரிந்துகொடுக்கும். கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து விறைத்துப்போன குழாயால் முடியாது. அதனால்தான் குழாயின் அகலத்தில் 70 சதவீதம் அடைபட்டவர்கூட ஈசிச்சேரில் சாய்ந்து பேப்பர் படிக்கும்போது நன்றாக இருப்பார், பஸ்ஸைப் பிடிக்க நாலு எட்டு வேகமாக வைத்தால் நெஞ்சில் பாறாங்கல்லை ஏற்றியது போல ஆகிவிடும். நின்றால் குறையும். இதற்கு அஞ்சைனா என்று பெயர். தசை சாகவில்லை, பசியில் கத்துகிறது. அந்தப் பசி நீடித்து தசை செத்துப்போகத் தொடங்கினால் அது மாரடைப்பு. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பிரச்சினை வருகிறது.

குழாயின் அகலம் ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? 1840களில் புவாசேய் என்ற பிரெஞ்சு மருத்துவர் மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் திரவம் ஓடுவதை அளந்து ஒரு விதி கண்டுபிடித்தார். குழாயின் ஆரத்தை நாலு தடவை எழுதி ஒன்றோடொன்று பெருக்கினால் வரும் எண்ணுக்கு ஏற்பத்தான் ஓட்டம் இருக்கும். ஆரம் பாதியானால் ஓட்டமும் பாதியாகும் என்றுதான் நமக்குத் தோன்றும், ஆனால் உண்மையில் 16இல் 1 பங்காகிவிடும். திருப்பிப் பார்த்தால், ஆரம் வெறும் 10 சதவீதம் கூடினால் ஓட்டம் 46 சதவீதம் கூடும். உடம்பின் ரத்தக்குழாய் கண்ணாடிக் குழாய் இல்லை, கணக்கு அச்சு அசலாகப் பொருந்தாது, ஆனாலும் சின்ன விரிவு பெரிய பலன் தரும் என்கிற அடிப்படை மாறாது. குழாயை விரிக்கும் மருந்துகளுக்கு இவ்வளவு பலம் எப்படி வந்தது என்பதற்குப் பாதி பதில் இதில் இருக்கிறது.

குழாயை விரிப்பது என்றால் பிளம்பர் உள்ளே கம்பியை விட்டு அகலமாக்குவது போல நினைக்கக் கூடாது. அது ஸ்டென்ட், அதாவது குழாய்க்குள் வைக்கும் சின்ன வலைக்குழல், செய்கிற வேலை. மருந்து வேறு வழியில் போகிறது. ரத்தக்குழாயின் சுவருக்குள் வளையம் வளையமாகத் தசை இருக்கிறது, நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாத தசை. அது இறுகினால் குழாய் சுருங்கும், தளர்ந்தால் விரியும். குளிரில் விரல் வெளுப்பதும், வெயிலில் முகம் சிவப்பதும் அந்தத் தசையின் வேலைதான். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை இந்தத் தசையிடம் "தளர்ந்துகொள்" என்று சொல்கிறது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். இந்த மாத்திரை எந்தக் குழாயை அதிகமாக விரிக்கிறது? கொரோனரியை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள், நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். அதையும் கொஞ்சம் விரிக்கிறது, குழாய் திடீரென்று இறுகிக்கொள்வதால் வலி வருகிறவர்களுக்கு அதுதான் நேரடி நிவாரணம். ஆனால் பெரும்பாலானவர்களுக்கு வலி இறங்கக் காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. காலிலும் வயிற்றிலும் உள்ள சிரைகளில், அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாய்களில். நம் உடம்பு ரத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு எந்த நேரமும் சிரைகளில்தான் இருக்கிறது. அவை விரிந்தால் ரத்தம் அங்கேயே தங்கும், இதயத்துக்குத் திரும்பி வருவது குறையும்.

வருவது குறைந்தால் இதயத்துக்கு எப்படி நல்லது? பழைய கவலை ஏற்றத்தை நினைத்துப் பாருங்கள். பார்த்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள், என் பெரியப்பா சின்ன வயதில் ஓட்டியிருக்கிறார். கிணற்றிலிருந்து சால் என்ற பெரிய வாளியில் தண்ணீரை மொண்டு மாடுகள் சரிவில் இறங்கி இழுக்கும். சால் நிறைய மொண்டால் மாடு திணறும். மாடு களைத்திருக்கிற நேரத்தில் சாலைப் பாதியாக மொண்டால், மாட்டுக்குத் தீவனம் கூடுதலாகப் போடாமலே இழுவை குறைந்துவிடும். சார்பிட்ரேட் சாலைக் குறைவாக மொள்ள வைக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் இதயத்துக்குள் நிறையும் ரத்தம் குறைவு, சுவர் இழுபடுவது குறைவு, ஆக்சிஜன் தேவையும் குறைவு. உள்ளே அழுத்தம் இறங்குவதால் தசையின் உள்ளடுக்குக்கு ரத்தம் போவதும் கொஞ்சம் சுலபமாகிறது. அடைப்பு அடைப்பாகவே இருக்க, வலி இறங்குவது இப்படித்தான்.

பெரியப்பா ஏன் விழுந்தார் என்பதும் இதிலேயே இருக்கிறது. நின்றுகொண்டிருந்தார், சிரைகள் விரிந்தன, ரத்தம் காலில் தேங்கியது, தலைக்குப் போக வேண்டியது குறைந்தது. அதிலும் ஒன்றுக்கு இரண்டு மாத்திரை. அதனால்தான் உட்கார்ந்து போட வேண்டும் என்கிறோம். படுத்துவிட்டால் காலில் உள்ள ரத்தம் இதயத்துக்குத் திரும்ப ஓடிவரும், வலி இறங்கத் தாமதமாகும். உட்காருவதுதான் சரியான நடுநிலை.

இந்த மருந்துக் குடும்பத்துக்கு நைட்ரேட்டுகள் என்று பெயர், இதில் மூத்தது நைட்ரோகிளிசரின். ஆமாம், வெடிமருந்தில் இருக்கிற அதே நைட்ரோகிளிசரின்தான். 1847இல் இத்தாலியின் டூரின் நகரத்தில் அஸ்கானியோ சோப்ரேரோ என்ற வேதியியலாளர் அதைத் தயாரித்தார். துளி அளவு நாக்கில் பட்டாலே தலை விண்விண்ணென்று தெறிக்கிறது என்று அப்போதே எழுதிவைத்தார். ஆல்ஃபிரட் நோபல் அதைக் களிமண் போன்ற ஒரு மண்ணில் ஊறவைத்துக் கையாளத் தகுந்ததாக்கி, 1867இல் டைனமைட் என்று காப்புரிமை வாங்கினார். அதே 1867இல் எடின்பரோவில் இளம் மருத்துவர் லாடர் பிரண்டன், ராத்திரி ராத்திரி நெஞ்சுவலியில் துடித்த நோயாளிக்கு அமைல் நைட்ரைட் என்ற ஆவியை முகரக் கொடுத்துப் பார்த்தார். முகம் சிவந்தது, வலி ஒரு நிமிடத்துக்குள் போய்விட்டது. ஆனால் சீக்கிரமே திரும்பி வந்தது.

அப்புறம் லண்டனில் வில்லியம் மர்ரெல். நைட்ரோகிளிசரினை 100இல் 1 பங்காகக் கரைத்த சாராயக் கரைசல் ஒன்று அவரிடம் இருந்தது. ஒரு நாள் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர், அந்தப் பாட்டிலின் ஈரமான தக்கையை நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் தலையிலிருந்து விரல் நுனி வரை நாடி அடிப்பது தெரிகிறது, இதயத் துடிப்பில் கையில் பிடித்த பேனா ஆடுகிறது. அமைல் நைட்ரைட் முகர்ந்தவர்களுக்கும் இப்படித்தானே ஆகிறது என்று யோசித்து, நெஞ்சுவலிக்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்து, 1879இல் எழுதி வெளியிட்டார். பலன் அமைல் நைட்ரைட்டைவிட நீண்ட நேரம் நின்றது. இன்றைக்கு நாம் நாக்குக்கு அடியில் வைப்பதன் தொடக்கம் அந்த ஈரத் தக்கைதான்.

இன்னொரு பக்கம், வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்களுக்குத் திங்கள்கிழமை வந்தால் தலைவலி மண்டையைப் பிளக்கும். செவ்வாய், புதன் ஆக ஆகக் குறைந்துவிடும். ஞாயிறு விடுமுறை முடிந்து வந்தால் மறுபடியும் திங்கள்கிழமைத் தலைவலி. காற்றிலும் தோலிலும் கலந்து உடம்புக்குள் போன நைட்ரோகிளிசரின்தான் காரணம். வாரம் முழுக்கப் பழகிய உடம்பு விடுமுறை இடைவெளியில் பழக்கத்தை மறந்துவிடுகிறது. கொடுமை என்னவென்றால், சிலருக்கு விடுமுறை நாளில், மருந்து இல்லாத நேரத்தில், நெஞ்சுவலியும் மாரடைப்பும் வந்திருக்கிறது. நம் நீலகிரியில் அருவங்காட்டில் 1900களின் தொடக்கத்திலேயே கார்டைட் தொழிற்சாலை வந்தது. அந்த கார்டைட்டிலும் நைட்ரோகிளிசரின் ஒரு முக்கியக் கூட்டுப்பொருள். குன்னூர் ரயிலில் அந்த ஸ்டேஷனைக் கடக்கும்போதெல்லாம் என் கடை அலமாரிதான் எனக்கு ஞாபகம் வரும்.

நோபலுக்கே கடைசிக் காலத்தில் இதயக் கோளாறு வந்தது. மருத்துவர்கள் எழுதிக்கொடுத்தது நைட்ரோகிளிசரின். பொதுமக்களும் மருந்துக் கடைக்காரரும் பயந்துவிடாமல் இருக்க டிரைநைட்ரின் என்று வேறு பெயர் சொல்கிறார்கள் என்று 1896இல் ஒரு கடிதத்தில் எழுதினார். அந்த வருஷம் டிசம்பர் 10 அன்று இறந்துவிட்டார். அதற்குப் பிறகு 80 வருஷம் ஆகியும், இந்த மருந்து எப்படிக் குழாயை விரிக்கிறது என்று யாருக்கும் தெரியாது. வேலை செய்கிறது, கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

விடை மூன்று விஞ்ஞானிகளிடமிருந்து துண்டு துண்டாக வந்தது. 1977இல் ஃபெரிட் முராட், நைட்ரோகிளிசரின் உடம்புக்குள் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை வெளிவிடுகிறது, அந்த வாயுதான் தசையைத் தளர்த்துகிறது என்று காட்டினார். வண்டிப் புகையில் வரும் வாயு, அது உடம்பில் சேதி சொல்கிறது என்றால் யார் நம்புவார்கள்! நியூயார்க்கில் ராபர்ட் ஃபர்ச்காட் முயலின் பெருந்தமனித் துண்டுகளை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். அசிட்டைல்கோலின் என்ற பொருளை ஊற்றினால் துண்டு இறுகிக்கொண்டே இருந்தது, ஒரு தடவை அதுவே தளர்ந்தது. ஏன் என்று துருவினால், துண்டைத் தயார் செய்யும்போது குழாயின் உள்ளே இருக்கும் மெல்லிய படலம் உரசி உரிந்துபோவதும் போகாமல் இருப்பதும்தான் வித்தியாசம். படலம் இருந்தால் தளர்கிறது, உரிந்தால் இறுகுகிறது. ஆக, அந்தப் படலம் ஏதோ ஒன்றைச் சுரந்து தசைக்கு அனுப்புகிறது. 1980இல் இதை வெளியிட்டார். அந்த ஏதோ ஒன்று நைட்ரிக் ஆக்சைடுதான் என்று 1986இல் அவரும் லூயி இக்னாரோவும் தனித்தனியாகச் சொன்னார்கள். 1998இல் மூன்று பேருக்கும் மருத்துவ நோபல் பரிசு. நோபலுக்கு எழுதிக்கொடுத்த மருந்து எப்படி வேலை செய்கிறது என்பதற்கான பதிலுக்கு, அவர் விட்டுச்சென்ற பணத்திலிருந்தே பரிசு.

எனக்கு இதில் பிடித்த விஷயம், ஆரோக்கியமான ரத்தக்குழாய் இந்த நைட்ரிக் ஆக்சைடைத் தானாகவே தயாரித்துக்கொள்கிறது என்பது. புகை, சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, கொலஸ்ட்ரால் எல்லாம் அந்த உள்படலத்தைத்தான் முதலில் கெடுக்கின்றன. கெட்டுப்போன குழாயால் தயாரிக்க முடியாததை வெளியிலிருந்து கொண்டுவந்து கொடுக்கும் கைமாற்றுதான் நைட்ரேட் மாத்திரை.

ஏன் விழுங்காமல் நாக்குக்கு அடியில்? விழுங்கினால் குடலிலிருந்து நேராக ஈரலுக்குப் போகும், ஈரல் அதில் பெரும்பகுதியை ரத்தத்தில் கலக்குமுன்பே உடைத்துவிடும். நாக்குக்கு அடியில் தோல் மெல்லிசு, கீழே ரத்தக்குழாய்கள் நிறைய, அங்கே கரைவது ஈரலைத் தொடாமல் நேராக ரத்தத்துக்குப் போகிறது. வயதானவர்களுக்கு வாய் வறண்டிருந்தால் மாத்திரை அப்படியே கிடக்கும், ஒரு வாய் தண்ணீரில் வாயை நனைத்துக்கொண்டு வைத்தால் போதும். நைட்ரோகிளிசரின் ஒன்று முதல் மூன்று நிமிடத்தில் வேலை செய்யும், அரை மணி நேரம்வரை நிற்கும், ஸ்பிரேயாகவும் வருகிறது. சார்பிட்ரேட்டுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும், ஆனால் ஒன்றிரண்டு மணி நேரம் நிற்கும். தலைவலி வந்தால் பயப்பட வேண்டாம், தலையில் உள்ள குழாய்களும் விரிகின்றன, அவ்வளவுதான்.

தினமும் விழுங்குவதற்கென்று ஐசோசார்பைடு மோனோநைட்ரேட் என்று ஒன்று உண்டு, ரத்தத்தில் கலக்குமுன்பே ஈரல் அதை உடைத்துவிடுவதில்லை. இதைச் சிலருக்குக் காலை 8 மணிக்கு ஒன்று, மதியம் 3 மணிக்கு ஒன்று என்று எழுதுவார்கள். "ராத்திரிக்கு விட்டுட்டாங்களே, டாக்டர் மறந்துட்டாரா?" என்று வந்து கேட்பார்கள். மறக்கவில்லை. வெடிமருந்துத் தொழிலாளிக்கு வாரம் போகப் போகத் தலைவலி காணாமல் போனது ஞாபகம் இருக்கிறதா? உடம்பு நைட்ரேட்டுக்குப் பழகிவிட்டால் மருந்து வேலை செய்யாது. அதனால் ஒரு நாளில் 10 முதல் 14 மணி நேரம் உடம்பில் நைட்ரேட் இல்லாமல் விடுகிறார்கள், பெரும்பாலும் ராத்திரியில். தோலில் ஒட்டும் பட்டையையும் அதனால்தான் படுக்கும்போது எடுத்துவிடச் சொல்கிறார்கள். மருந்தின் பலன் தீர்ந்துபோகக் கூடாதே என்று நாமாகவே ராத்திரிக்கும் ஒன்று சேர்த்துப் போட்டுக்கொண்டால், பகலில் அது பலிக்காமல் போகும்.

இப்போது தயவுசெய்து கவனமாகப் படிக்க வேண்டிய இடம். வாட்ஸப்பில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டே இருக்கிறது, நெஞ்சு வலித்தால் உடனே சார்பிட்ரேட்டை நாக்குக்கு அடியில் வை, உயிர் பிழைத்துவிடலாம் என்று. டாக்டர் யாரும் எழுதித்தராமலே வாங்கி மணிபர்ஸில் வைத்துக்கொள்ள ஆட்கள் வருகிறார்கள். மாரடைப்பில் நடப்பது என்ன? அடைப்பின் மேல்தோல் கிழிந்து அங்கே ரத்தம் உறைந்து குழாயை மூடிவிடுகிறது. அந்த உறைவை நைட்ரேட் ஒன்றும் செய்யாது. 1995இல் வெளிவந்த ஐசிஸ்-4 என்ற பெரிய ஆய்வில் மாரடைப்பு வந்த 58,000 பேரைச் சேர்த்து, ஒரு பகுதியினருக்கு ஒரு மாதம் மோனோநைட்ரேட் கொடுத்துப் பார்த்தார்கள். இறப்பு குறிப்பிடும்படி குறையவில்லை. வலியைக் குறைக்கும், அடைப்பைத் திறக்காது. திறப்பதற்கு ஆஸ்பத்திரிதான் போக வேண்டும், ஊசி போட்டுக் கரைப்பதோ, பலூன் விட்டு ஸ்டென்ட் வைப்பதோ அங்கேதான் நடக்கும். ஒவ்வொரு நிமிடத்துக்கும் தசை செத்துக்கொண்டிருக்கும்போது, மாத்திரை போட்டாச்சு, பார்ப்போம் என்று காத்திருப்பதுதான் ஆபத்து.

இன்னொரு ஆபத்தும் உண்டு. சில மாரடைப்புகள் இதயத்தின் வலது பக்கத்தைத் தாக்கும். அப்போது இதயம் திரும்பி வரும் ரத்தத்தை நம்பித்தான் ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் மாத்திரையைக் கொடுத்து, கவலை ஏற்றத்தின் சாலைப் போல, வரும் ரத்தத்தைக் குறைத்தால் பிபி அதலபாதாளத்துக்குப் போய்விடும். பெருந்தமனி வால்வு மிகவும் சுருங்கியவர்களுக்கும் அதே ஆபத்து. மேல் பிபி 90க்குக் கீழே இருந்தால் கொடுக்கவே கூடாது. இதையெல்லாம் ஈசிஜியும் பிபியும் பார்த்துதான் முடிவு செய்ய முடியும், பக்கத்து வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. அதனால் ஏற்கெனவே அஞ்சைனா என்று தெரிந்து, டாக்டர் எழுதிக்கொடுத்தவர்கள் மட்டும், உட்கார்ந்து ஒன்றை வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்தில் குறையவில்லை என்றாலோ கூடினாலோ 108ஐக் கூப்பிடுங்கள். முதல் தடவையாக வலிக்கிறது என்றால் மாத்திரையைத் தேடவே வேண்டாம், நேராக 108. பைக்கில் நீங்களே ஓட்டிப் போகாதீர்கள்.

சில்டெனாஃபில் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, வயாக்ரா என்றால் எல்லோருக்கும் தெரியும். அதையும் முதலில் இங்கிலாந்தில் நெஞ்சுவலிக்கு என்றுதான் ஆராய்ந்தார்கள், அதில் பெரிதாகப் பலிக்கவில்லை, வேறு பலன் தெரியவந்து 1998இல் வேறு காரணத்துக்காக விற்பனைக்கு வந்தது. நைட்ரிக் ஆக்சைடு தசைக்குச் சொல்லும் "தளர்ந்துகொள்" என்ற சேதியை நைட்ரேட் கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்றால், சில்டெனாஃபில் அந்தச் சேதி அழியாமல் பார்த்துக்கொள்கிறது. இரண்டும் சேர்ந்தால் பிபி விழுந்து உயிரே போகலாம். சில்டெனாஃபில் போட்ட 24 மணி நேரத்துக்குள், அதே வகையைச் சேர்ந்த டடலாஃபில் என்றால் 48 மணி நேரத்துக்குள், நைட்ரேட் கூடாது. கடையில் இதை வாங்குகிறவர்கள் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள், சீட்டில் எழுதி மடித்து நீட்டுவார்கள், வீட்டில் யாருக்கும் தெரியாது. அவசரத்தில் ஆம்புலன்ஸில் ஏறும்போது அதைச் சொல்லக் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து சொல்லிவிடுங்கள். ஆம்புலன்ஸில் இருப்பவர்களுக்கு இது தினமும் கேட்கிற விஷயம்தான், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள்.

குழாயை விரிக்கும் மருந்துகள் நைட்ரேட் மட்டும் இல்லை. அதே ஐசிஸ்-4 ஆய்வில் இன்னொரு பகுதியினருக்கு காப்டோபிரில் கொடுத்தார்கள், அதில் ஆயிரம் பேருக்கு ஐந்து இறப்பு குறைந்தது. சின்ன எண் போலத் தெரியும், லட்சக்கணக்கானவர்களுக்குக் கொடுக்கும்போது சின்னது இல்லை. இந்த மருந்தின் பூர்வீகம் பிரேசில் நாட்டு விரியன் பாம்பு. ஜராராக்கா என்று பெயர், கடித்தால் பிபி சடாரென்று இறங்கும். அதன் விஷத்தில் என்ன இருக்கிறது என்று 1960களில் செர்ஜியோ ஃபெரேரா என்ற பிரேசில் விஞ்ஞானி ஆராய்ந்தார், அந்த வழியில் போய் அமெரிக்காவில் காப்டோபிரிலை உருவாக்கினார்கள், 1981இல் பயன்பாட்டுக்கு வந்தது. உடம்பே குழாயைச் சுருக்குவதற்காகத் தயாரிக்கும் ஆஞ்சியோடென்சின் என்ற பொருள் உருவாகாமல் இது தடுக்கிறது. எனலாப்ரில், ராமிப்ரில் எல்லாம் இதன் தம்பிகள்.

இதன் வேலைக்குக் கவலை ஏற்றத்தைவிட, மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார்தான் சரியான உதாரணம். குழாய் குறுகலாக இருந்தால் மோட்டார் முக்கி முக்கி ஓடி சீக்கிரம் எரிந்துபோகும். இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோகும் தமனிகளை விரித்துவிட்டால் களைத்துப்போன இதயத்துக்குத் தள்ளுவது சுலபம். 1987இல் ஸ்காண்டிநேவிய நாடுகளில் கடுமையான இதயச் செயலிழப்பு உள்ள 253 பேரிடம் எனலாப்ரிலைச் சோதித்தபோது, ஆறு மாதத்தில் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 44 சதவீதம் பேரும், மருந்து சாப்பிட்டவர்களில் 26 சதவீதம் பேரும் இறந்திருந்தார்கள். இவ்வளவு பெரிய வித்தியாசம் மருத்துவத்தில் அபூர்வம். குழாயை விரிப்பதோடு, இதயம் ஊதிப் பெருத்து உருமாறுவதையும் இது தடுக்கிறது. நைட்ரேட் அந்த நேரத்து வலிக்கு, இது வருஷக்கணக்கான பாதுகாப்புக்கு. வலியே இல்லையே, எதற்கு என்று பாதியில் நிறுத்துவது இந்த மாத்திரையைத்தான். சிலருக்கு விடாத வறட்டு இருமல் வரும், இருமல் மருந்தாக வாங்கிக் குடித்துக்கொண்டே இருப்பார்கள். டாக்டரிடம் சொன்னால் லோசார்டன், டெல்மிசார்டன் வகைக்கு மாற்றிவிடுவார், இருமல் நின்றுவிடும்.

அம்லோடிபின் வேறொரு வழி. தசை இறுக வேண்டுமானால் கால்சியம் உள்ளே நுழைய வேண்டும், அந்த வாசலை இது சாத்துகிறது. பிபிக்கும் அஞ்சைனாவுக்கும் நிறையப் பேர் சாப்பிடுகிறார்கள். இதில் வருவது கால் வீக்கம். சாயந்திரமானால் செருப்பு வார் பிடிக்கிறது, கணுக்காலில் அழுத்தினால் குழி விழுகிறது என்பார்கள். கிட்னி போய்விட்டதோ என்று அழுதுகொண்டே வந்த அம்மா ஒருவரை எனக்குத் தெரியும். தமனிகள் விரிகின்றன, சிரைகள் அந்த அளவுக்கு விரிவதில்லை, அதனால் நுண்குழாய்களில் அழுத்தம் கூடி நீர் வெளியே கசிகிறது. பெரும்பாலும் அளவைக் குறைத்தாலோ மருந்தை மாற்றினாலோ சரியாகிவிடும். ஆனாலும் கால் வீக்கத்துக்கு இதயமும் கிட்னியும்கூடக் காரணமாக இருக்கலாம் என்பதால், டாக்டர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

பெரியப்பா இப்போதும் அதே மாத்திரைதான் வைத்திருக்கிறார். வலி வந்தால் இருக்கிற இடத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார், ஒன்றுதான் போடுகிறார், பெரியம்மாவைக் கூப்பிட்டு மணி என்ன என்று கேட்கிறார். மாடிக்கு ஏறுவதற்கு முன்பே ஒன்று வைத்துக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேட்டு, சில நாள் அப்படியும் செய்கிறார், அதுவும் சரியான முறைதான். நான் கடையில் அட்டையைப் போட்டுக் கொடுக்கும் காகிதக் கவரில் பால்பாயின்ட் பேனாவால் "உட்கார்ந்து, ஒன்று, 5 நிமிடம், 108" என்று எழுதிக் கொடுக்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு அட்டை இருக்கும். சாமி அலமாரியிலோ ஃபிரிட்ஜ் மேலேயோ கிடக்கும். எடுத்து தேதியைப் பாருங்கள், போன வருஷமே முடிந்திருந்தால் புதிது வாங்கிவிடுங்கள், ராத்திரி கரண்ட் இல்லாத நேரத்திலும் கை நீட்டினால் கிடைக்கிற இடத்தில் வையுங்கள். நைட்ரோகிளிசரின் பாட்டிலாக இருந்தால் அந்தப் பழுப்புக் கண்ணாடி பாட்டிலை விட்டு வேறு டப்பாவுக்கு மாற்ற வேண்டாம், காற்றும் வெளிச்சமும் பட்டால் அதன் வீரியம் போய்விடும்.